குருந்தக் கல்லில் வந்த இரும்பு

அறுபதுகளின் நடுவில், ஒரு பொங்கல் விடுமுறைக்கு இலுப்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்தது இது. அப்பா பொற்கொல்லர். அந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று சின்ன வயதிலேயே முடிவாகிவிட்டதால், சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

ஆக்சைடு பொருளைப் பொடித்துக் காந்தப் புலத்தில் வைத்து மைக்ரோ அலையைச் செலுத்தினால், அதற்குள் கலந்திருக்கும் உலோக அயனி எது என்று ரெக்கார்டர் தாளில் கோடாக விழும். எலெக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு என்று பெயர். நகையில் பதிக்கும் கல்லைத் தேய்க்க அப்பா வைத்திருந்த குருந்தக் கல்லும் ஒரு ஆக்சைடுதான். முந்தைய தீபாவளிக்கு வந்தபோது அதில் ஒரு துண்டைப் பட்டறையின் இரும்பு உரலில் இடித்து எடுத்துப் போயிருந்தேன்.

குரோமியம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ, தாளை அடைத்துக்கொண்டு, இரும்பைக் காட்டும் ஒரு பெரிய மேடு. இந்தக் கல்லுக்குள் இத்தனை இரும்பு அயனியா என்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே கட்டுரை எழுதினேன். பேராசிரியரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். தபாலில் சேர்ப்பதுதான் பாக்கி. என் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

பட்டறையில் என் தங்கைக்கு ஒரு வேலை உண்டு. அராவிய பொன் தூளை உருக்குவதற்கு முன் காந்தத்தை விட்டு, அதில் கலந்த அரத்தின் இரும்புத் துகளை எடுத்துவிட வேண்டும். காந்தம் படாத தூள் எங்கள் வீட்டில் தராசுக்குப் போகாது. பெருமையடிக்க, சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்த மீதிப் பொடியைக் காகிதத்தில் கொட்டி அவளிடம் காட்டினேன். அவள் பழக்கதோஷத்தில் காந்தத்தை அதில் ஓட்டினாள். முனையில் கறுப்பாகத் தாடி முளைத்தது.

"ஏண்ணே, காந்தம் விடாமயா கொண்டு போனே?"

"அது கல்லுக்குள்ள இருக்குற இரும்பு. காந்தத்துல ஒட்டாது."

"அப்ப இந்த ஒட்டியிருக்குறது எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

உரலில் இருந்துதான். குருந்தம் இரும்பைவிடக் கடினம். நான் இடிக்க இடிக்க அது உரலைச் சுரண்டியிருக்கிறது. பொற்கொல்லர் மகன் காந்தத்தை மறந்தான் என்றால் ஊரே சிரிக்கும்.

கட்டுரையைத் தபாலில் போடவில்லை. பேராசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். ஒரு வாரம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொடியைக் காந்தத்தாலும் அமிலத்தாலும் சுத்தம் செய்து மறுபடி வைத்ததில் மேடு போய்விட்டது. அது மறைத்திருந்த குரோமியத்தின் கோடுகள் மெலிசாகத் தெரிந்தன. பட்டம் ஒரு வருஷம் தள்ளிக் கிடைத்தது.

ஆய்வேட்டில் நூலகர், எலெக்ட்ரீஷியன் வரைக்கும் நன்றி சொல்லியிருந்தேன். தங்கையைப் பற்றி எழுதக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. 'பொடி காந்தத்தால் சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. புத்தகத்தை ஊருக்குக் கொண்டுபோனபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் புரட்டினாள்.

"இதுல நம்ம பட்டறை வருதாண்ணே?"

"வருது" என்றேன்.

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியத்தில் சொன்ன அந்தப் பொய், இத்தனை வருஷம் கழித்தும் எந்தக் காந்தத்துக்கும் வராமல் எனக்குள் கிடக்கிறது.