மண்ணக்காவும் ஒரு புண்ணியவானும்

குளியலறைக்குள்ளிருந்து ‘சரக், சரக்’ என்று சத்தம் வருகிறது. மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைப் பழைய கத்தியால் சுரண்டும் சத்தம். அதற்கும் மேலே வசவு. “எவன் அந்தப் புண்ணியவான்? அவன் போற இடத்துல எல்லாம் செருப்பு அறுந்து போக!”

வசவு பொழிவது வீட்டுக்காரம்மா; நான் மாடியில் குடியிருப்பவள். மோட்டார் போடச் சொல்லலாம் என்று கீழே இறங்கினேன். முன்னறையில் இருந்த அவர் கணவர், ‘இப்போது வாயைத் திறக்காதே’ என்று கையைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

தெருவுக்கே அவர் மண்ணக்கா. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்குத் தக்கபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துகிறார். சட்டத்துக்குள் ஒரு மயிரிழை பொருந்தாவிட்டாலும் கழற்றி மறுபடி தேய்ப்பார். முதலாளி கத்தினாலும் காதில் வாங்கமாட்டார். புடவையில் ஒரு தூசி ஒட்டச் சம்மதிக்காத இந்த மனுஷி, மழை தூறினால் போதும், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார். ஊரே உள்ளே ஓடிவரும்போது எதிரே ஓடுகிற ஒரே ஆள். கேட்டால், “மழையிலதானே தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்? வெயில்ல போய் நின்னா அது வாயத் திறந்து சொல்லுமா?” என்று நம்மையே மடக்குவார்.

அவர் ஓடுவது வீடுகளுக்குப் பின்னால், ஏரியோரமாகப் போகும் மண்பாதைக்கு. முள்ளும் குப்பையுமாகக் கிடந்த இடம். நகராட்சி ஆபீசை நச்சரித்து, கொஞ்சம் சரளையும் ஒரு சின்ன மரப்பாலமும் வாங்கிவிட்டார். நகராட்சிக்கு ஆன செலவு அவ்வளவுதான். இப்போது ஆஸ்பத்திரி நர்சுகள் லாரிக்குப் பயப்படாமல் அந்த வழியாக வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வருஷக்கணக்காக முகம் பார்க்காத ஒரு மாமியாரும் மருமகளும் அந்தக் குறுகலில் எதிரெதிரே மாட்டிக்கொண்டு, “கொஞ்சம் தள்ளிக்க” என்று தொடங்கி, இன்று மூன்றாம் வீட்டுக்காரியைப் பற்றி வம்பு பேசிக்கொண்டு சேர்ந்தே நடக்கிறார்கள்.

ஆனால் அக்கா மண்ணில் கிடந்து புரண்டதெல்லாம் ஊருக்காக அல்ல. கணவர் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது காலை இழுத்துக்கொண்டது. சிமெண்டில் அந்தக் காலை ஊன்றினால் உச்சந்தலைவரை வலி. ஆகவே நடக்கவே மாட்டேன் என்று விட்டத்தைப் பார்த்துப் படுத்துவிட்டார். மண் அவரைத் தாங்கிக்கொண்டது. தடியூன்றி மெல்லப் பாலம்வரை போய், அங்கே கூடும் நண்பர்களிடம் பஸ் ஓட்டிய காலத்துப் பொய்கள் இரண்டை அவிழ்த்துவிட்டு வருகிறார். வீடு திரும்பும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும்!

பாதை கரையாமல் இருக்க, அங்கங்கே குறுக்கே பள்ளமாக வெட்டி ஏரிப் பக்கம் சரித்து வைத்திருக்கிறார் அக்கா. மழைநீர் அதில் இறங்கி ஏரிக்கு ஓடிவிடும். தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் குழி. யாரோ கொஞ்ச நாளாகச் செங்கல்லும் இடிந்த சுவர்த் துண்டுமாகப் போட்டு அவற்றை மூடிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நேற்று பெய்த மழையில், இறங்க வழியில்லாத தண்ணீர் பாதையோடேயே ஓடி, மண்ணை அறுத்துக் குளம் கட்டி நிற்கிறது. இன்று மாலை நகராட்சி இன்ஜினியர் பாதையைப் பார்வையிட வருகிறார். தண்ணீர் நின்றால் சிமெண்டு போடச் சொல்லிவிடுவார். சிமெண்டு போட்ட மறுநாளே மோட்டார் பைக்குகள் பறக்கும். அக்காவின் கணவருக்கு மறுபடியும் விட்டம்தான். கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலிருந்து தோண்டியும், சேற்றுக்குள் எங்கே கல் இருக்கிறது என்றே பிடிபடாமல் அக்கா வீடு திரும்பியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அழைப்புமணி. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். பளபளக்கும் ஷூவும் கையில் ஒரு பை ஆப்பிளுமாகச் சம்பந்தி நின்றார், மகளுடைய மாமனார்.

“சம்பந்தியம்மா, ஒரு நல்ல சமாச்சாரம்! சம்பந்தி தடுக்கி விழுந்துடக் கூடாதேன்னு அந்தப் பாதைக் குழியெல்லாம் மூடிட்டேன். வாக்கிங் போறப்போ தினம் ரெண்டு ரெண்டு கல்லு. யார்கிட்டயும் மூச்சு விடல. உதவியச் சொல்லிக்காட்டக் கூடாது பாருங்க.”

காலையிலிருந்து பொழிந்த வசவையெல்லாம் அக்கா அப்படியே விழுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். “உக்காருங்க சம்பந்தி. காபி போடட்டுமா?” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதில் ‘காபி’ என்ற சொல்லே பொடிப்பொடியாக வந்தது.

கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நீங்கதானா அது? காலையிலேர்ந்து உங்களுக்குத்தான் அர்ச்சனை,” என்று குழறினார்.

“எனக்கா? எதுக்கு?”

“அவர் கிடக்கறார், நீங்க ஆப்பிள இப்படிக் குடுங்க,” என்று அக்கா பையை வாங்கிக்கொண்டார்.

சம்பந்தி அதோடு விட்டிருக்கலாம். “இன்னும் ரெண்டு குழி பாக்கி இருக்கு சம்பந்தியம்மா. நாளைக்கு அதையும்...”

“ஐயோ, போதும்!”

அக்காவின் கையிலிருந்து பை நழுவி, ஆப்பிள்கள் தரையில் உருண்டன.

“அது குழி இல்ல சம்பந்தி. தண்ணி இறங்குற வழி. அத்தனையும் அடைச்சு வெச்சிருக்கீங்க. சாயங்காலம் இன்ஜினியர் வந்து பார்த்தா பாதை போச்சு. பாதை போனா இவர்...” அக்காவின் குரல் உடைந்தது. “என் பொண்ணு உங்க வீட்டுல வாழறாளே, பேசாம இருந்துடலாம்னுதான் பார்த்தேன். முடியல. கோவிச்சுக்கணும்னா என்னைக் கோவிச்சுக்குங்க. அவகிட்ட காட்டிடாதீங்க.”

 சம்பந்தியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. வாசலில் கழற்றி வைத்திருந்த தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்தார்.

“நான் கிளம்பறேன்,” என்றார். கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது. வாசல்வரை போன சம்பந்தி அங்கேயே நின்று, “கல்லு எங்கெங்க போட்டேன்னு எனக்குத்தானே தெரியும்,” என்றார், யாரையும் பார்க்காமல்.

 அக்கா உள்ளே போய், கணவருக்கு பஸ் டிப்போவில் கொடுத்த ரப்பர் பூட்ஸை எடுத்து வந்தார். அவர் படுத்த நாளிலிருந்து யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த ஜோடி. முந்தானையால் அதன் தூசியைத் துடைத்துச் சம்பந்தியின் காலடியில் வைத்தார். அவர் தன் ஷூவை அங்கேயே விட்டுவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, வந்த வாசலை விட்டுப் பின்வாசல் வழியாக இறங்கினார். மண்வெட்டியோடு பின்னாலேயே இறங்கிய அக்கா, கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார்.