விபேக்கேயின் தப்புக் கேக்

எங்கள் ஆய்வகத்தில் தப்புச் செய்தவர் மறுநாள் கேக் கொண்டுவர வேண்டும். டென்மார்க்கில் பாதி அலுவலகங்களில் இதுதான் தண்டனை. விபேக்கே மட்டும் ஒருமுறைகூடக் கொண்டுவந்ததில்லை. மழையோ பனியோ, துறைமுகத்துப் பக்கமிருந்து சிவப்பு சைக்கிளில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள்; தப்பே செய்ய மாட்டாள்; அடுத்தவர் தப்புக்கு வந்த கேக்கில் மட்டும் இரண்டு துண்டு எடுத்துக்கொள்வாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"உனக்கு அடுப்புப் பத்தவைக்கத் தெரியாது. அதான் தப்பே பண்ண மாட்டேங்கிற" என்பேன்.

"இருக்கலாம்டி அனலீஸ" என்று அடுத்த துண்டுக்குக் கை நீட்டுவாள்.

மார்பகக் கட்டித் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றுவது எங்கள் வேலை. செல்லின் மேல்தோலில் 'வளரு' என்ற உத்தரவை வாங்கும் ஏற்பிகள் உண்டு. காதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில புற்றுநோய்களில் ஹெர்-2 என்ற காது அளவுக்கு மீறி முளைத்துவிடும்; செல்லும் ஓயாமல் பெருகும். அந்தச் செல்லைச் சுற்றி எங்கள் சாயம் பழுப்பு வளையம் போடும். ஒரு காலத்தில் அது கெட்ட சேதி. இப்போது அந்தக் காதை அடைக்க மருந்து இருக்கிறது. வளையம் இருந்தால்தான் அந்த மருந்து.

ஒரு குளிர்காலத்தில் விபேக்கேவுக்கே கட்டி வந்தது. பேருந்தில் வர ஆரம்பித்தாள். உடம்பு முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். ஹார்மோன் மருந்து கேட்காது என்று முதல் சோதனை கைவிரித்துவிட்டது. மிச்சமிருந்த நம்பிக்கை இந்த வளையம்தான். கட்டித் துண்டை வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றதற்கு அவள் கேட்கவில்லை. "நம்ம மெஷின் எனக்குப் பழக்கம். இங்கேயே பண்ணுங்க."

எங்களோடு வேலை பார்க்கும் நெட்டை எஸ்பென்தான் சாயம் ஏற்றினான். மதியம் நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். செல்லுக்குச் செல் பேனாவால் வரைந்த மாதிரி பழுப்பு வளையம். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். கான்டீனுக்கு ஓடினால் விபேக்கே கறுப்பு ரொட்டிமேல் மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வளையம் வந்திருக்கு. நல்லாத் திக்கா."

"கன்ட்ரோல் எப்படி இருக்கு?"

நான் அதைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கண்ணாடி வில்லையின் ஓரத்திலும், முடிவு முன்பே தெரிந்த வேறொரு திசுத்துண்டைக் கன்ட்ரோலாக வைப்போம். அது சரியாக நிறம் பிடித்தால்தான் பக்கத்தில் இருப்பதை நம்பலாம். போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி. பதற்றத்தில் எஸ்பென் மறந்திருந்தான்.

"விடேன். இவ்வளவு தெளிவா இருக்கே" என்றேன்.

"வேற யாரோட வில்லையா இருந்தா விடுவியா? திரும்பப் பண்ணச் சொல்லு."

சொல்லும்போது அவள் முகம் வெளுத்திருந்தது. மீனைத் தள்ளிவைத்துவிட்டாள். அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

மறுநாள் எஸ்பென் கேக் கொண்டுவந்தான், மேலே குட்டிக் குட்டிக் கொடிகள் குத்தி. யாரும் தொடவில்லை. மதியம் புது வில்லை வந்தது. ஓரத்தில் கன்ட்ரோல் ஒழுங்காக இருந்தது. பக்கத்தில் அதே வளையம். மருத்துவரும் பார்த்து உறுதி செய்தார். அப்புறம் அந்தக் கேக் ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. "மறதிக்காரா, வாரம் ஒரு தடவை மறந்து தொலைடா" என்று விபேக்கே அவன் தலையைத் தடவப் போனாள். எட்டாததால் அவனே குனிந்தான்.

கீமோ, அறுவை, அப்புறம் மாதக்கணக்கில் அந்தக் காதடைக்கும் ஊசி. கொட்டிய முடி சுருட்டையாக முளைத்தது. எல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, கையில் கேக் டப்பா. ஆய்வகமே வேலையைப் போட்டுவிட்டுக் கூடியது.

"என்னடி தப்புப் பண்ணே? இன்னும் கோட்டே மாட்டலயே" என்றேன்.

"கட்டின்னு தெரிஞ்ச வாரமே என் சைக்கிளை அக்காவுக்குக் குடுத்துட்டேன். இனிமே எனக்கு எதுக்குன்னு." டப்பாவை மேஜையில் வைத்தாள். "சோதனைக்கு முன்னாடியே நானா ஒரு முடிவு சொல்லிக்கிட்டேன். கன்ட்ரோலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எஸ்பென் மூக்கை உறிஞ்சினான்.

"நேத்துப் போய்த் திரும்ப வாங்கிட்டேன். அதுலதான் வந்தேன்."

டப்பாவைத் திறந்தோம். கேரியரில் குலுங்கி வந்ததில் கேக் நொறுங்கிக் கிடந்தது. அடி கருகியிருந்தது. நான் சொன்னது சரிதான், இவளுக்கு அடுப்புப் பத்தவைக்கத் தெரியாது. ஆளுக்கொரு கரண்டி எடுத்து, ஒரு துணுக்கு விடாமல் வழித்துத் தின்றோம்.