மூன்றாவது காயில்

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் நின்றபோதுதான் எங்கள் கார் முதன்முதலாக உதறியது. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். "சாப்டியா? பிள்ளைங்க தூங்கிட்டாங்களா?" என்பதோடு அவர் போன் முடிந்துவிடும். அன்று காரைப் பற்றிச் சொன்னதும் வீடியோவிலேயே வந்துவிட்டார்.

"பானெட்டைத் திற. இன்ஜின் மேல, பிளக்குக்கு கரண்ட் குடுக்கிற நாலு காயில் இருக்கும். ஒவ்வொண்ணா ஒயரைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாரு. நல்லதைக் கழட்டினா சத்தம் மாறும். மாறலைன்னா அதுதான் கெட்டுப்போனது."

கே.கே. நகர் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் என்னோடு இருந்தார். மூன்றாவதைக் கழற்றியபோது சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. ஆனாலும், "நாலுலயும் மாறுதுங்க" என்று பொய் சொன்னேன்.

"சரி, நாளைக்கும் பாக்கலாம்" என்றார்.

இப்படியே ஐந்து நாள் போயிற்று. ஆறாம் நாள் மனசு கேட்கவில்லை.

"மூணாவதுதாங்க. எனக்கு மொத நாளே தெரியும்."

"எனக்கும்தான் கேட்டுச்சு."

"அப்புறம் ஏங்க சொல்லலை?"



"நீ ஏன் சொல்லலையோ, அதுக்குத்தான்."

மறுநாளே காயிலை மாற்றியாயிற்று. இப்போது எந்த சிக்னலிலும் கார் அசையாமல் நிற்கிறது. என் காது மட்டும் அந்த உதறலைத் தேடுகிறது.