வலிப்புக்கு முன்னாடி இன்னா நடந்துச்சு?

உக்காருங்கப்பா, பேச்ச கொஞ்சம் நிறுத்துங்க. புள்ளைங்க ஆஸ்பத்திரில வார்டு பாய்னா தூக்கறது, தொடைக்கறதோட வேல முடிஞ்சிதுன்னு நெனைக்காதீங்க. நம்ம தொழில்ல கீறவங்களுக்குத் தெரியும், பாதி வேல கேள்வி கேக்கறதுதான். வலிப்பு வந்த புள்ளைய ஒருக்களிச்சிப் புடிச்சிகினு, "முன்னாடி இன்னா நடந்துச்சு?"ன்னு கேட்டுக் கேட்டே எனக்குத் தொண்ட காஞ்சி போச்சி. பூந்தமல்லில ரோட்டு மேலயே எங்க ஆஸ்பத்திரி. வலிப்பு நிக்காம இழுத்துகினே போனா மூளைக்கு ஆபத்து, காரணம் தெரிஞ்சா சீக்கிரம் நிறுத்தலாம்னு டாக்டரம்மா சொல்லுவாங்க. வர்றவங்க சொல்றது ஒண்ணுதான்: "ஒண்ணுமே இல்ல சார், நல்லாதான் இருந்துச்சு."

ஸ்கூட்டர் சாவி

ஆவடி குவாட்டர்ஸ்லேர்ந்து ஒரு அப்பா. திருநெல்வேலிக்காரரு, பாக்டரில வேல. ஆட்டோலேர்ந்து புள்ளைய எறக்கறாரு, ஒடம்பு கொதிக்குது, அதுக்கு மேல ரெண்டு கம்பளி வேற. காய்ச்சல் ஏறி வலிப்பு. டாக்டரம்மா ஊசி போட்டுகினே, "ஏங்க இவ்ளோ நேரம்?"ன்னாங்க. நான் கம்பளிய உருவுனா, புள்ளையோட மூடுன கைக்குள்ள ஒரு சாவி. வலிப்புக்கு இரும்பு குடுக்கணும்னு அவசரத்துல கெடச்சத திணிச்சிகீறாங்க. அது ஸ்கூட்டர் சாவி. ஸ்கூட்டர் வாசல்ல நிக்குது, மனுசன் ஆட்டோ தேடி ரோடு ரோடா ஓடிகீறாரு.

புள்ள கண்ணத் தொறந்தப்புறம், "சாவிய வாங்கிகினு கெளம்ப வேண்டியதுதான சார்?"ன்னேன். பாவமா சொன்னாரு: "எடுத்தா வலிப்பு கூடிரும்னு பக்கத்து வீட்டுல சொன்னாவல்லா."

அரிசி டிரம்

வானகரத்துலேர்ந்து ஒரு அம்மா, சர்ச்சுக்கு எதுத்த ஊடு. அவங்க சின்னப் பொண்ணு ரொம்ப நாளா வலிப்பு மாத்திர சாப்புடுது, வலிப்பும் அடங்கிக் கெடந்துச்சு. அன்னிக்கி வந்தது நிக்கவே மாட்டேங்குது. "மாத்திரைய நிறுத்துனீங்களா?" "இல்லீங்க சார்." "ஒரு வேளையாச்சும்?" "இல்லீங்க சாஆர்." அவங்க பேச்ச இழுக்கற மாதிரியே நானும் இழுத்துக் காமிச்சேன். சிரிப்பாங்கன்னு பாத்தா, அழுதுட்டாங்க.

அப்புறந்தான் உண்ம வந்துச்சு. பெரியவளப் பாக்க ஊர்லேர்ந்து மாப்ள ஊட்டுக்காரங்க வந்து தங்கிட்டாங்க. இந்தம்மா மாத்திரைய அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சி வெச்சிட்டாங்க. எந்நேரமும் யாராவது சமையக்கட்டுல நின்னுகினே இருந்தா எப்புடித் தோண்டி எடுக்கறது? டாக்டரம்மா திட்ட வாயெடுத்தாங்க. அதுக்குள்ள அந்தம்மா மெதுவா கேட்டாங்க: "அவங்க கண்ணுல பட்டா பெரியவள யாரு கட்டுவாங்க?"

பேசாத மாமா

நான் கண்டது இவ்ளோதான்: வலிப்புக்குக் காரணம் புள்ளையோடயே ஆஸ்பத்திரிக்கு வந்துரும், வாயத்தான் தொறக்காது.

சென்னீர்குப்பத்துப் பையன், தளர்நட நடக்கற வயசு. காய்ச்சல் இல்ல, ஊசி போட்டும் நிக்கல. அம்மாக்காரி அழுதுகினு கீது. அப்பனோட அக்கா ஒருத்தி கூட வந்துகீறா, அவ வாய் மூடவே இல்ல. "பஸ் ஸ்டாண்டுல ஒருத்தி மொறச்சிப் பாத்தா. பல்லு மொளைக்குது. நேத்து நாய் கொலச்சிது." அவ மூச்சு வாங்கற எடத்துல எல்லாம் நான் பூந்தேன். "நாய் எப்புடிக் கொலச்சிது அத்தே, இப்புடியா?"ன்னு கொலச்சும் காமிச்சேன். பெஞ்சு ஓரத்துல அவ ஊட்டுக்காரரு, மஞ்சப் பையோட. வெரலத் தூக்குவாரு, எறக்குவாரு.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க"ன்னு டாக்டரம்மா ஒரு அதட்டு போட்டாங்க. அப்பதான் அவரு சொன்னாரு, "என் சக்கர வியாதி மாத்திர டப்பா கொழந்த கைல இருந்துச்சும்மா. காலியா."

அத முழுங்கி ரத்தத்துல சக்கர கீழ எறங்கிப் போய்தான் புள்ளைக்கு வலிப்பு. டாக்டரம்மா ஓடிப்போய் குளுக்கோஸ் ஏத்துனாங்க. ஏற ஏற வெட்டு கொறஞ்சி, பையன் சிணுங்க ஆரம்பிச்சான். அந்தச் சத்தம் கேட்டப்புறந்தான் மாமா பக்கம் திரும்புனேன். "இன்னா மாமா, இத உள்ள நொழையும்போதே சொல்றதுக்கு இன்னா?"ன்னேன்.

அவரு மஞ்சப் பையத் தூக்கித் தோள்ல மாட்டிகினு என்ன ஒரு பார்வ பாத்தாரு.

"அவ நிறுத்தட்டும்னு இருந்தேன். அவ நிறுத்துனா நீ கொலைக்கற."