பன்னிரண்டு எழுத்துக்குப் போன வேலை

என் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் என் பெயர் அல்ல. கேயோனி என்று போட்டிருக்கிறது. ஹவாய்த் தீவுகளில், ஹோனலூலு நகரத்தில், கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைக் கொடுத்துவிட்டார்கள். கோவிந்தசாமி என்பது வாயில் நுழையவில்லையாம். சீனாக்காரரோ பிலிப்பைன்ஸ்காரரோ, யாரானாலும் இந்த ஹோட்டலில் ஹவாய் மொழியில் ஒரு பெயர். வருகிற விருந்தாளிக்கு அதுதான் பிடிக்குமாம். துண்டில் அந்த மொழி. லிஃப்டில் அந்த மொழி. குளியலறைக் கால்மிதியில்கூட அந்த மொழி. காலையில் பெயரைக் குத்திக்கொள்கிறேன், சாயங்காலம் கழற்றி வைக்கிறேன். மூன்று வருடமாக.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மொழிக்கு எழுத்து மொத்தமே பன்னிரண்டு. ஐந்து உயிர், ஏழு மெய். தொண்டையை அடைத்துத் திறக்கிற ஒரு குறியையும் சேர்த்தால் பதின்மூன்று. நான் எட்டாவதோடு நின்றவன். இருநூற்று நாற்பத்தேழை மனப்பாடம் செய்ய முடியாமல் வாத்தியாரிடம் அடி வாங்கியவன். பன்னிரண்டோடு ஒரு ஜனம் கடல், மலை, சாமி, சண்டை எல்லாவற்றையும் பேசி முடித்திருக்கிறது என்றால் முதலில் சிரிப்புத்தான் வந்தது. என் பெயரில் பாதி அந்தப் பன்னிரண்டில் இல்லை. கூட வேலை செய்த ஆன்ட்டி மீலே ஒரு நாள் அதை அவர்கள் வாய்க்குத் தகுந்தபடி மாற்றிப் பார்த்தாள். "கோவினாகாமி." சலவைக் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். கேயோனிக்கு அது மேல்.

ஆன்ட்டி என்று இங்கே வயதான பெண்களை எல்லோருமே கூப்பிடுகிறார்கள். மீலே அறுபதைத் தாண்டியவள், இந்த மண்ணின் பூர்வகுடி. அவளும் அவள் அண்ணன் மகள் லேஹுவாவும் இஸ்திரி மெஷினில் ஜோடி. ஈர விரிப்பின் இரண்டு முனையை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். மெஷின் என் பொறுப்பு. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் போனால், அதுவரை தங்கள் மொழியில் எதையோ மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிவிடுவார்கள். ஒரு தடவை அல்ல, தினமும். எனக்கு எரிச்சலாக இருக்கும். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் சந்தேகம் இல்லை என்றால், அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் பதினாறு வருடம் மேஸ்திரியாக இருந்தேன். எங்கள் வீட்டில் தெலுங்கு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். பேசுவோம், எழுதத் தெரியாது. எழுத்தெல்லாம் தமிழ்தான். இன்னொரு மேஸ்திரி வீட்டிலும் தெலுங்குதான். தொண்ணூற்று ஒன்றில் மில் நொடித்து ஆள்குறைப்பு வந்தபோது, யார் யாரை நிறுத்தலாம் என்று பெயர் கொடுக்கும் வேலை எங்கள் இருவரிடம் வந்தது. தனியாக உட்கார்ந்து பேசியிருக்கலாம். நாங்கள் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, அவர்கள் முகத்துக்கு நேராகவே தெலுங்கில் பேசி முடிவு செய்தோம். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் மாராக்காள் என்று ஒருத்தி, துடியலூரிலிருந்து வருகிறவள். கை கொஞ்சம் மெதுவாகிவிட்டது. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "ஈமெ ஒத்து" என்றேன். இவள் வேண்டாம் என்று அர்த்தம். அவளும் சிரித்தாள்.

"ஏனுங் மேஸ்திரி, என்னமோ உங்களுக்குள்ளயே பேசிக்கிறீங்க. நமக்கும் புரியற மாதிரி சொன்னா நாங்களும் சேந்து சிரிப்பமில்லீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மணி. நீ போயி வேலையப் பாரு."

மறு வாரம் அவளை நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் மில்லையே பூட்டினார்கள். மனைவியின் அக்கா இங்கே நர்ஸ். அவர் எப்போதோ எழுதிப் போட்டிருந்த மனு பலித்து நாங்கள் விமானம் ஏறினோம். மாராக்காள் கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறாள் என்று கடைசியாகக் கேள்விப்பட்டேன்.

போன மாதம் ஒரு கல்யாண விருந்துக்குப் போட வேண்டிய மேஜை விரிப்பு உருளையில் சுற்றிக்கொண்டு கருகிப்போயிற்று. சூப்பர்வைசர் வந்தார். கடலுக்கு அந்தப்பக்கம் அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து புதிதாக வந்த ஆள். மெஷினில் கோளாறா, ஆளில் கோளாறா என்று கேட்டார். மெஷினைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. "இவங்க எப்பவும் பேசிக்கிட்டே இருக்காங்க. அவங்க மொழியில. நான் வந்தா நிறுத்திடறாங்க," என்றேன். எனக்கு அதுதான் உண்மை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை மீலேயை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லேஹுவாவுக்கு எச்சரிக்கை. வேலை நேரத்தில் இங்கிலீஷ் மட்டுமே பேச வேண்டும் என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அந்தக் காகிதத்துக்கு நேர் கீழேதான், அலோஹா, அவர்கள் மொழியில் வணக்கம், என்று நெய்த துண்டுகளை அடுக்கி வைக்கும் அலமாரி. விற்கலாம், துடைக்கலாம், காலில் மிதிக்கலாம். அந்த மொழிக்குச் சொந்தக்காரி மட்டும் பேசக் கூடாது.

மூன்றாம் நாள் மீலே சாமான் வைத்துப் பூட்டும் பெட்டியைக் காலி செய்த லேஹுவா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் நெஞ்சில் அறைந்தாள்.

"இந்தா. உன்னப் பத்தி நாங்க பேசுனது. படி."

குழந்தைகள் எழுதிப் பழகும் கோடு போட்ட தாள். பன்னிரண்டு எழுத்து அச்சில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நடுங்கிய கையெழுத்தில் அதே எழுத்து, நாலு தடவை, ஐந்து தடவை. லேஹுவா சத்தமாக வாசித்தாள். ஹே, கே, லா, மூ, நூ, பீ, வே. உருளைச் சத்தத்துக்கு நடுவே நான் தினமும் கேட்டது அதுதான். லேஹுவாவின் மகள் சேர்ந்திருக்கும் பள்ளிக்கூடத்தில் பாடம் முழுக்க அந்த மொழியிலேயே. பிள்ளையைச் சேர்த்தால் பெற்றவர்களும் படிக்க வேண்டும். லேஹுவாவுக்கு எழுத்து தெரியும், பேச்சு வராது. மீலேக்குப் பேச்சு உண்டு, எழுத்து தெரியாது. விரிப்பைப் பிடித்த கையோடு ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டையும் அந்தக் காலத்தில் கப்பலில் வந்த வெள்ளைக்காரப் பாதிரிமார் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்தார்களாம். எது இருக்கலாம், எது வேண்டாம் என்று. லேஹுவா இதைச் சொன்னபோது எனக்கு எங்கள் மில் வரிசைதான் நினைவுக்கு வந்தது.

அன்றுதான் மெஷினைத் திறந்தேன். விரிப்பை இழுத்துப் போகும் நாடாக்களில் ஒன்று இற்று அறுந்து கிடந்தது. நான் மாற்றியிருக்க வேண்டிய நாடா. யாரும் பேசாமல் இருந்திருந்தாலும் அந்த விரிப்பு கருகித்தான் இருக்கும். நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன். தப்பு என்னுடையது, அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நான் சம்பள உயர்வு கேட்க வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்துக்கொண்டார். நாடாவை மேஜையில் போட்டுத் திரும்பச் சொன்னேன். புரிந்தது. சிரித்தார்.

"அது முடிஞ்சுபோச்சு கேயோனி. புது நாடா போட்டுடு."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். என் கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் மெஷின் பக்கம் வந்து ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பு மாராக்காளைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மீலே வீட்டுக்குக் கிளம்பினேன். என் மனைவி சரோஜா விடவில்லை. "வெறுங்கையோட போயி நிக்காதீங்க," என்று அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, நெய் விட்டு, ஒரு தூக்குப் பாத்திரத்தில் கொடுத்தனுப்பினாள். பஸ் மாறிப் போனேன். தகரக் கூரை வீடு. கதவைத் திறந்த மீலே என்னைப் பார்த்து, "கோவினாகாமி! என்ன, இஸ்திரி போட எதாச்சும் கொண்டாந்தியா?" என்றாள். அவள் பேசியது உடைந்த இங்கிலீஷ். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

நாடாவைப் பற்றியும் நான் சொன்னதைப் பற்றியும் சொன்னேன்.

"தெரியும். உம் பேரைச் சொல்லித்தான் அந்த ஆளு என்னை அனுப்புனான்."

"அப்புறம் ஏன் நான் வந்தா பேச்சை நிறுத்துனீங்க?"

அவள் கையை நீட்டி, விரல் முட்டியைக் காட்டினாள். "பள்ளிக்கூடத்துல எங்க பேச்சு வாயில வந்தா இங்க அடி. ஆறு வயசுல. கையில எதையாச்சும் பிடிச்சுட்டு எந்த ஆம்பளை வந்தாலும் வாய் தானா மூடிக்கும். உனக்காக மூடலை. நீ என்னன்னு நெனச்சே?"

மாராக்காளைப் பற்றிச் சொன்னேன். இதுவரை யாரிடமும், சரோஜாவிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டு முடித்ததும் மீலே விசாரித்தாள்.

"அவ பேரென்ன?"

"மாராக்காள்."

"மாலாகாலா." தன் வாய்க்கு ஏற்ற மாதிரி சொல்லிப் பார்த்தாள். "அவ வீட்டுக்குப் போனியா?"

"இல்ல."

"வீடு தெரியுமா?"

"தெரியும்."

தூக்கை என் பக்கம் தள்ளினாள். மூடியைத் திறக்கவே இல்லை. கோபமாகத் தள்ளவில்லை. வேறு வீட்டுத் தபாலைத் திருப்பிக் கொடுப்பது போலக் கொடுத்தாள்.

"இது இந்த வீட்டுக்கு வந்த சோறு இல்ல. என் கணக்கை நான் ஹோட்டல்காரன்கிட்டப் பாத்துக்கறேன். லேஹுவா ஒரு வக்கீலைப் பாத்திருக்கா. அங்க வந்து நாடா அறுந்ததைச் சொல்லுவியா?"

"சொல்றேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"சரி, போ."

பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். இங்கே ஞாயிறு மூன்று மணி. ஊரில் திங்கட்கிழமை விடிந்திருக்கும். துடியலூரில் ரேஷன் கடைக்குப் பின்னால் இரண்டாவது சந்து, மாராக்காள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அங்கே போய் நின்று, அவளுக்குப் புரிகிற தமிழில் சொல்ல எனக்கு நாலு வார்த்தை இருக்கிறது. பஸ் வந்தது. சோறு மடியில் இன்னும் சூடாக இருந்தது.