மேல்தட்டில் நாலாம் பக்கம், கீழே பத்தாம் பக்கம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்த நேரத்தில் நான் கைத்தொலைபேசியைத் திறந்திருக்கக் கூடாது. திறந்துவிட்டேன். நமது அரசியல் ஆய்வாளரின் புதிய புத்தகத்துக்காக வாசகர்கள் அங்கே குடுமிப்பிடிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ‘முடிவெடு, தம்பி!’ என்பது புத்தகத்தின் பெயர். வாழ்க்கையில் துணிந்து முடிவெடுப்பது எப்படி என்று இளைஞர்களுக்கு அறிவுரை சொல்கிறாராம். ஆய்வாளரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதுவும் அவருக்கு ஒரு விளம்பரம்.

புத்தகம் விற்கிற இணையப் பக்கத்தில் ஒரு பாதிப்பேர் ஐந்து நட்சத்திரம் போட்டு, “ஐயாவின் ஒவ்வொரு வரியும் பொன்” என்கிறார்கள். மற்றப் பாதி ஒரு நட்சத்திரம் போட்டு, “அட்டை மட்டும் நல்லம், காசு தண்டம்” என்கிறது. ஒருவர் எழுத்து சின்னதாக இருக்கிறதென்று கோபிக்கிறார். இன்னொருவர், “பாதிதான் வாசித்தேன், அதற்குள் என் வாழ்க்கையே மாறிவிட்டது” என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் இறங்குதுறை என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் கோழிக்கூட்டோடு இருந்த மனுசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? இந்த ஆளைப் பாதி வாசித்து வாழ்க்கை மாறிப்போனவர்களை எனக்கு நேரிலேயே தெரியும்.

அந்தப் புத்தகம் என் பைக்குள்ளும் ஒன்று இருந்தது. காசு கொடுத்துத்தான் வாங்கினேன், வெட்கக்கேடு. போன வாரம் நெடுந்தீவிலிருந்து ஞானம் அக்கா தொலைபேசி எடுத்திருந்தார். “ரீச்சர், கனடாவிலையிருந்து மச்சாள் எடுத்தவ. அந்த ஆய்வாளற்றை புத்தகத்திலை அவரைப் பற்றி இருக்காம். நல்லா இருக்கிறார் எண்டு போட்டிருக்காம். ஒருக்கா வாங்கிக்கொண்டு வந்து வாசிச்சுக் காட்டும், எனக்கு இப்ப கண் மங்கல்.” அவர் என்றால் அருளப்பு அண்ணை, ஞானம் அக்காவின் புருஷன். கடலில் போய் எத்தனையோ வருடமாகச் சேதியில்லை. அந்த அத்தியாயத்தை நான் முதல்நாளே வாசித்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் வாயில் கெட்ட வார்த்தை வரும், நான் படிப்பிக்கிற ஆள்.

படகு வந்து இயந்திரத்தை நிறுத்தியதும் டீசல் மணம் மூக்கில் ஏறியது. டீசலும் உப்புத்தண்ணீரும் நனைந்த பேப்பர் மையும் சேர்ந்த மணம்தான் எனக்கு முதல் உத்தியோகம். இப்போது பேப்பர் மை மட்டும் அதில் குறைகிறது. என் ஊர் சரவணையை விட்டு ஒரு நாள் வெளியே தங்காத என்னை, சண்டை முடிந்து சனம் கொஞ்சம் மூச்சு விடத் தொடங்கிய காலத்தில், நெடுந்தீவுப் பள்ளிக்கூடமொன்றுக்கு நியமித்தார்கள். முதல் பயணத்திலேயே சத்தி எடுத்து, புதுச் சேலையை நாசமாக்கி, அழுதழுது இறங்கினேன். என்னைத் தங்க வைத்தவர்கள் அருளப்பு அண்ணையும் ஞானம் அக்காவும். கல் அடுக்கிய மதில், நாலைந்து மாடு, பிள்ளை இல்லை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; நான் சைவம். எனக்காகக் குசினியில் மீன் காய்ச்சுகிற மச்சச்சட்டியைத் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். ஒரு மாதத்தில் நான் அந்தச் சட்டியிலேயே கை வைத்துவிட்டேன், அது வேறு கதை.

அந்தக் காலத்துப் படகில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை யாராவது ஒருவர் இறங்குதுறையில் வாங்குவார். படகு வெளிக்கிட்டதும் அது அவருடைய பேப்பர் இல்லை. தாள் தாளாகக் கழற்றிக் கைக்குக் கை போகும். வாசித்தவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். நெடுந்தீவில் இறங்கும்போது யார் கையில் எந்தத் தாள் இருக்கிறதோ அது அவருக்கு. காசு கொடுத்தவர் சில நேரம் வெறுங்கையோடு இறங்குவார், அதிர்ஷ்டம் இருந்தால் மரண அறிவித்தல் பக்கத்தோடு. அதற்குத்தான் கிராக்கி அதிகம். யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று, ஆண்கள் மேல்தட்டில் காற்று வாங்குவார்கள், பெண்கள் கீழே பலகையில் இருப்போம். அலை அடிக்கிற படகில் தாளைப் பிடித்துக்கொண்டு யார் ஏறி இறங்குவது? மேலே போன தாள் மேலேயே சுற்றும், கீழே வந்த தாள் கீழேயே சுற்றும்.

நமது ஆய்வாளரின் பத்தி நாலாம் பக்கத்தில் தொடங்கும். ‘தொடர்ச்சி பத்தாம் பக்கம்’ என்று போட்டிருக்கும். பத்தாம் பக்கம் வேறு தாள். உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கக் கன காலம் எடுத்தது.

அவருடைய எழுத்து எப்படியென்றால், முதல் பாதியில் ஒருபுறத்தை எழுதுவார், இரண்டாம் பாதியில் மறுபுறத்தை எழுதுவார், கடைசியில் “காலம் பதில் சொல்லும்” என்று முடிப்பார். தேர்தல் முடிந்த மறுவாரம் “நான் முன்பே சொன்னேன்” என்று எழுதுவார். பொய்யில்லை, நடக்கக்கூடிய எல்லாவற்றையும் முன்பே சொல்லித்தான் இருப்பார். இந்த மனிதரைப் பெரிய மூளைசாலி என்று தீவே நம்பியது. நான் படிப்பிக்கிற பிள்ளைகள் இப்படிக் கட்டுரை எழுதினால் பூச்சியம் போட்டிருப்பேன்.

ஆட்கள் படகேறி வெளிநாடு போகத் தொடங்கிய நேரம் அது. அருளப்பு அண்ணைக்கும் ஒரு ஏஜென்சிக்காரன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணைக்குப் போக ஆசை, அக்காவுக்கு விருப்பமில்லை. அப்போது பார்த்து ஆய்வாளர் ‘போவதா, இருப்பதா?’ என்று எழுதினார். அந்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் ஒரே படகில் வந்தோம், அண்ணை மேலே, நானும் அக்காவும் கீழே. இறங்கும்போது அண்ணையின் முகம் வெளிச்சமாக இருந்தது, அக்காவின் முகமும் வெளிச்சமாக இருந்தது. வீட்டு வாசல் வருமுன்னே சண்டை தொடங்கிவிட்டது.

“ஆய்வாளரே சொல்லிப்போட்டார், துணிஞ்சவனுக்குத்தான் கடல் வழி விடுமாம்.”

“உங்களுக்கு என்ன விசரோ? வேரை அறுத்துக்கொண்டு போறவன் ஒரு இடமும் முளைக்கான் எண்டெல்லோ அவர் எழுதியிருக்கிறார்!”

அவர்கள் மட்டுமில்லை. அந்தக் கிழமை முழுக்க நெடுந்தீவில் அரைவாசி வீட்டில் இதே சண்டை. ஆம்பிளைகள் எல்லாம் போகவேணும் என்கிறார்கள், பொம்பிளைகள் எல்லாம் இருக்கவேணும் என்கிறார்கள், இரண்டு பகுதியும் ஒரே ஆளைச் சாட்சிக்கு இழுக்கிறது. பள்ளிக்கூடத்தில் சிற்றூழியர் தன் மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சாப்பாடு இல்லாமல் வந்தார்.

திங்கட்கிழமை காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணையின் சட்டைப்பையிலிருந்த தாளையும், அக்கா சீனிப் போத்தலுக்கு அடியில் வைத்திருந்த தாளையும் எடுத்துக் குசினித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். தொடக்கத்திலிருந்து “காலம் பதில் சொல்லும்” வரைக்கும் சத்தமாக வாசித்தேன். இரண்டு பேரும் கை கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

“அப்ப ஆள் என்னதான் சொல்லுறார், ரீச்சர்?” என்று கேட்டார் அண்ணை.

“ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. அதுதான் அவற்றை தொழில்.”

அண்ணை குனிந்து தாளைப் பார்த்தார். “இல்லை, உமக்கு விளங்கேல்லை. முதல் பாதிதான் அவர் எழுதினது. மற்றது இடம் மிச்சமாய்க் கிடந்ததெண்டு பேப்பர்காரன் நிரப்பினது.” அக்கா விடவில்லை. “முன்பாதிதான் பேப்பர்காரன்ரை வேலை. சனத்தை இழுக்க அப்பிடித்தான் தொடங்குவாங்கள்.” நான் இரண்டு தாளையும் அங்கேயே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். வேறு என்ன செய்ய ஏலும்?

அடுத்த மாதம் ஆய்வாளரே தீவுக்கு வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். படகில் ஏறி இறங்கி முகம் வெளிறிப் போயிருந்தது. மண்ணை விட்டுப் போகக் கூடாது என்று பேசும்போதே, திரும்பிப் போகிற படகு எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் காதுக்குள் கேட்டது முன்வரிசையில் இருந்த என் காதிலும் விழுந்தது. ஓரிரவு தங்கச் சொல்லி அதிபர் மன்றாடினார். அவருக்கு ஏலாதாம், அவசர வேலையாம். கேள்வி நேரத்தில் அருளப்பு அண்ணை எழும்பினார். சேர்ட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஐயா, சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ. நான் போகவோ, நிக்கவோ?”

ஞானம் அக்கா கையில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

“நல்ல கேள்வி” என்றார் ஆய்வாளர். உலக அரசியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மேடையை விட்டு இறங்கி, அண்ணையின் தோளில் தட்டி, “முடிவு உங்கள் கையில்தான், தம்பி” என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நானும் தட்டினேனோ என்று கேட்காதீர்கள்.

தோளில் தட்டினால் போகச் சொல்கிறார் என்று அர்த்தமாம். அண்ணை மாடுகளை விற்றார். ஒரு சிவப்பி மாட்டை மட்டும் அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தெற்கே ஏதோ ஒரு கரையிலிருந்து அண்ணை தொலைபேசி எடுத்தார். “ஏறப்போறம் ஞானம். சிவப்பியை நேரத்துக்குத் தண்ணிக்கு விடு.” அதுதான் கடைசி. அந்தப் படகில் போனவர்கள் எந்தக் கரையிலும் ஏறியதாக இன்றுவரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. ஆய்வாளரோ அடுத்த வருடமே குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டார், விமானத்தில்.

அக்கா கறுப்பு உடுக்கவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுதிரி கொளுத்தப் போக, இவர் போகமாட்டார். ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுப்போம் என்று பங்குச் சாமியார் வருடாவருடம் கேட்பார். “செத்ததை ஆர் கண்டது?” என்பார் அக்கா. அவ்வளவுதான்.

இன்றைக்கு நான் போனபோது அக்கா புதுச்சேலை உடுத்திருந்தார். சிவப்பியின் பேத்தி மதிலோரத்தில் நின்றது. எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, “வாசியும்” என்றார்.

“அக்கா, இதை அப்பிடியே நம்பாதேங்கோ...”

“நீர் வாசியும், ரீச்சர். நம்புறதை நான் பாக்கிறன்.”

வாசித்தேன். நெடுந்தீவில் ஒரு கூட்டத்தில், கசங்கிய சட்டையோடு ஓர் அன்பர் எழுந்து கேள்வி கேட்டாராம். “துணிந்து போ, தம்பி” என்று இவர் ஒரே சொல்லில் பதில் சொன்னாராம். ஒரே சொல்லில்! அந்த அன்பர் கடல் கடந்து போய், இன்றைக்குப் பெரிய கடை ஒன்றுக்கு முதலாளியாம். தன் அறிவுரையால் வாழ்ந்த ஆயிரம் பேரில் அவரும் ஒருவராம். அக்காவின் கண் பளபளத்தது. எனக்கு அங்கேயே நிறுத்திவிட வேணும் போல இருந்தது. ஆனால் இந்த வீட்டில் பாதி வாசித்த கதை போதும். கடைசி வரியையும் வாசித்தேன். ‘மனைவியையும் தன்னிடம் அழைத்துக்கொண்டு, அவர்கள் இன்று அந்தத் தேசத்தில் இனிதே வாழ்கிறார்கள்.’

அக்கா மதிலோரத்து மாட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “என்னையும் கூப்பிட்டிட்டாராமோ?”

“ஓம், அப்பிடித்தான் எழுதியிருக்கு.”

“அப்ப இஞ்சை இந்த மாட்டுக்குத் தண்ணி வைக்கிறது ஆர்?”

நான் புத்தகத்தை மூடினேன். அந்த ஆள் முன்னால் நின்றிருந்தால் அந்தப் புத்தகத்தாலேயே சாத்தியிருப்பேன், தடித்த அட்டைதான், அதற்காவது உதவியிருக்கும். இத்தனை வருடம் கடலும் சாமியாரும் சொல்லி நம்பாத மனுசியை, உயிரோடு இருக்கிறார் என்று எழுதிய ஒரு பொய், அவர் இல்லை என்று நம்ப வைத்துவிட்டது.

“சனம் என்ன சொல்லுது இந்தப் புத்தகத்தைப் பற்றி?” என்று கேட்டார் அக்கா. கைத்தொலைபேசியில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். பாதிப்பேர் அந்த நெடுந்தீவு அன்பரின் கதையை வாசித்து அழுதார்களாம். மற்றப் பாதிக்கு எழுத்துச் சின்னது, விலை கூட. அந்த அன்பர் எங்கே என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

“அதிலை என்ரை பேரிலையும் ஒண்டு எழுதும்.”

“என்ன எழுத?”

“அருளப்பு வரேல்லை எண்டு எழுதும். வேறை ஒண்டும் வேண்டாம்.”

நட்சத்திரம் போடாமல் அந்தப் பக்கம் எழுத விடாது. ஒன்றைப் போட்டு, அக்கா சொன்னதை அப்படியே எழுதினேன். வெளிக்கிடும்போது வாசல் படலைவரை வந்தார். “போற வழியிலை சாமியாரிட்டை ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போம். ஞாயிறு பூசையிலை அவற்றை பேரையும் சேர்க்கட்டாம்.”

சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் படகில் இப்போது ஆம்பிளைகளும் பொம்பிளைகளும் கலந்துதான் இருக்கிறோம். பேப்பர் ஒருவர் கையிலும் இல்லை. அவரவர் கைத்தொலைபேசியை அவரவர் குனிந்து பார்க்கிறார்கள், அதில் எதையும் கழற்றிப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்க முடியாது. நடுக்கடலில் என்னுடையது அதிர்ந்தது. அக்காவின் அந்த ஒரு வரிக்குக் கீழே யாரோ பதில் போட்டிருந்தார்கள். “வயிற்றெரிச்சல். முழுவதையும் வாசித்துவிட்டு வந்து பேசவும்.”

முழுவதையும் வாசித்தவர்கள் அந்தத் திங்கட்கிழமை அந்தக் குசினியில் மூன்று பேர் இருந்தோம். அதில் ஒருவர் வரவில்லை.