ஊருக்கு ஒரு கட்டம்

யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் கிறிஸ்தவ சபை நடத்தும் ஒரு சிறிய கிளினிக்கின் மாடியில் செவிலியர் பயிற்சி வகுப்பு இருக்கிறது. அங்கே நான் செய்முறைப் பாடம் நடத்துகிறேன். அந்த ஆண்டு பன்னிரண்டு மாணவிகள். நான்கு பேர் பர்மாவின் மேற்கு எல்லையில் உள்ள சின் மலையிலிருந்து வந்தவர்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை மேட்ரன் எனக்குக் கொடுத்தார்.

எந்த வேலைக்கும் எனக்கு முதலில் பட்டியல் வேண்டும். நால்வருக்கும் என்னென்ன குறைகிறது என்று எழுதினேன். மழைக்காலத்தில் சீருடை காயாது, மாற்று வேண்டும். மருந்துகளையும் உடலுறுப்புகளையும் பர்மிய மொழியில் சொல்லத் தெரிய வேண்டும். அரசின் வார்டு அலுவலகத்தில் தங்குவோர் பதிவு வேண்டும். இவையெல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தன. முடியாமல் நின்றது மரியாதை. பர்மியம் தடுமாறும் பெண்ணிடம் நோயாளிகள் கையை நீட்டத் தயங்கினார்கள். "வேறு யாரும் இல்லையா?" என்று அவள் முன்னாலேயே என்னிடம் கேட்டார்கள்.

அதே சமயம், ராணுவத்துக்கும் கிளர்ச்சிப் படைகளுக்கும் நடந்த சண்டைக்குத் தப்பி மலையிலிருந்து இறங்கிய முதியவர்கள் எங்கள் கிளினிக்குக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். பர்மியம் ஒரு சொல்லும் தெரியாதவர்கள். வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். டாக்டர் வயிற்றுக்கு மருந்து எழுதுவார். வலி முதுகில் இருக்கும்.

இவர்களுக்கு நால்வரும் மொழிபெயர்த்தால் இரண்டு சிக்கலுக்கும் அதுவே விடை என்று எனக்குத் தோன்றியது. மலையில் ஒரு பள்ளத்தாக்கின் பேச்சு அடுத்த பள்ளத்தாக்குக்குப் புரியாது. 'சின் மொழி' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. அதனால் பெயர், ஊர், பேசும் மொழிகள், எந்த அறையில் வேலை என்று நான்கு கட்டம் போட்டேன். ஊர் என்றால் அடையாள அட்டையில் இருக்கும் பெரிய நகரம் இல்லை, உண்மையான கிராமம். நால்வரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதினேன். ஒருத்தியும் மறுக்கவில்லை. பிளாஸ்டிக் உறை போட்டு வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒட்டினேன்.

மேட்ரனும் என்னைப் போலவே தமிழ்க் குடும்பம். தனியாக இருந்தால் தமிழில்தான் பேசுவார். "சும்மா ஒரு சுவர் இருந்தா உனக்குப் பொறுக்காதே. நாளைக்கு என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிடுவே" என்றார். ஆனால் பட்டியல் வேலை செய்தது. டாக்டர் அதைப் பார்த்துக் கூப்பிடுவார். அவர்கள் போய்ப் பேசுவார்கள். காத்திருக்கும் மற்ற நோயாளிகள் அதைக் கவனிப்பார்கள். இரண்டு மாதத்தில் கைகள் தயங்காமல் நீண்டன.

நால்வரில் மூத்தவளுக்கு இருபத்து நான்கு வயது. ஊர் மருந்தகத்தில் ஐந்து ஆண்டு உதவியாளராக இருந்தவள். குழந்தையின் கையில்கூட முதல் தடவையிலேயே நரம்பைப் பிடித்து ட்ரிப் ஏற்றுவாள். அவள் ஊரில் இருந்த ஒரே நர்ஸ் போய்விட்டார். மருந்து அனுப்புகிறவர்கள் சான்றிதழ் உள்ளவர் கையில்தான் பெட்டியைக் கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழுக்காகத்தான் அவள் வந்திருந்தாள். மீதியிருந்தது இறுதிச் செய்முறைத் தேர்வு மட்டும்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தபோது, ஒரு பிற்பகலில், வார்டு அலுவலக எழுத்தரும் ராணுவத்து ஆட்கள் போலத் தோன்றிய, எனக்குத் தெரியாத இரண்டு பேரும் வந்தார்கள். தங்குவோர் பதிவேட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். அது சரியாகத்தான் இருந்தது. எழுத்தர் புரட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேரில் ஒருவர் என் தலைக்கு மேலே, சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தார். மூத்தவளின் ஊர்ப் பெயரில் விரலை வைத்தார்.

"இந்த ஊர்க்காரி எங்கே, சயாமா?"

ஆசிரியையை இங்கே சயாமா என்போம். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"விடுப்பில் போயிருக்கிறாள்."

"வந்ததும் சொல்லுங்கள். நாங்கள் திரும்ப வருவோம்." வாசலில் நின்று சிரித்தார். "பட்டியல் ரொம்பத் தெளிவாக இருக்கிறது."

உண்மையில் அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாகேதாவில், கிளினிக் அனுப்பிய வேலையாக, பக்கவாதத்தில் கிடந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வர வேண்டாம் என்று போன் செய்தேன். "பாடப் புத்தகம் அங்கே மாடியில் இருக்கிறதே, சயாமா" என்றாள். கிழவரின் மகள் அவளைத் தன் வீட்டில் தங்கச் சொன்னார். சுவரில் இருந்ததைக் கிழித்து எடுத்தேன். கிழிப்பதால் இனி ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தேதான் செய்தேன்.

மறுநாள் காலையில் அந்த இரண்டு பேரும் மறுபடி வந்து போனார்கள். அவர்கள் போனதும் மேட்ரனிடம் கேட்டேன், அவளுக்கு மட்டும் வேறு இடத்தில் தேர்வு வைக்க முடியுமா என்று.

"வெளியிலிருந்து வர்ற பரிசோதகர் இந்தக் கட்டடத்துல, தன் கண்ணால பார்க்கணும். அவரைத் தாகேதாவுக்கு வாங்கன்னு கூப்பிட்டா ஏன்னு கேட்பார். நீ என்ன சொல்லுவே?"

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் அவ இங்க இருப்பாளா? எனக்கு இன்னும் பதினொரு பிள்ளைங்க இருக்கு, அம்மா." அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அன்றே ஊசிப் பயிற்சிக்கான ரப்பர் கையைக் கூடையில் வைத்துத் துணியால் மூடி, மதிப்பெண் தாளையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாலத்தில் பஸ் குலுங்கியதில் துணி விலகி ஐந்து விரலும் வெளியே தெரிந்தன.

"கைக்குத் தனி டிக்கெட் ஆகும், அக்கா" என்றான் நடத்துநர்.

"உட்காரவே இல்லை, அதுக்கெதுக்கு டிக்கெட்?" என்றார் பக்கத்திலிருந்த பெண். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

தாகேதா வீட்டுச் சமையலறையில் மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். சீருடை இல்லாததால் கிழவரின் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தாள். தோளில் பெரிதாகத் தொங்கியது.

"ஒரு மணி நேரம் வந்து தேர்வைச் செய்துவிட்டு உடனே போய்விடுகிறேனே, சயாமா?"

"வேண்டாம், ஞீமா." தங்கை என்று பொருள். அதற்கு முன் அவளை நான் அப்படி அழைத்ததில்லை.

"அப்படியானால் நீங்கள் இங்கேயே வையுங்கள்."

வைத்தேன். முப்பத்தொரு படிகள். கை கழுவுவது முதல் பதிவேட்டில் நேரம் எழுதுவது வரை. ரப்பர் கையிடம் பெயர் கேட்டாள், எங்கே குத்தப் போகிறேன் என்று விளக்கினாள், கொஞ்சம் வலிக்கும் என்றாள். ஒரு படியும் தவறவில்லை. பல ஆண்டுகளாகத் தேர்வு பார்க்கிறேன், முப்பத்தொன்றும் சரியாகச் செய்த ஒருவரையும் அதுவரை பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டுத் தாளை அவளிடம் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு மருந்துப் பெட்டி வாங்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் கேட்டேன். "ஊரை எழுதினால் ஆபத்து என்று உனக்கு அன்றைக்கே தெரியுமா?"

"நாலு பேருக்கும் தெரியும். சண்டை நடக்கும் ஊர்க்காரர் என்றாலே இவர்களுக்குச் சந்தேகம்தானே."

"ஏன் சொல்லவில்லை?"

"அனாடே, சயாமா" என்றாள். இங்கே பிறந்த எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும். அடுத்தவர் மனம் நோகுமே என்று தனக்கு வேண்டியதைச் சொல்லாமல் இருப்பது. "எங்களுக்காக யாரும் அதற்கு முன் எதையும் சுவரில் ஒட்டியதில்லை. நீங்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள்."

யாங்கோனில் பிறந்தவள் நான். என் ஊர்ப் பெயரை எங்கே எழுதினாலும் யாரும் விரல் வைத்துக் காட்ட மாட்டார்கள். அதனால் அந்தக் கட்டத்தைப் போடும்போது என் கை நிற்கவில்லை. ஒருவர் மறுக்காததை நான் சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் அவள் ஊருக்குப் புறப்பட்டாள். வழியில் ஒரு நகரத்திலிருந்து, வந்து சேர்ந்தேன் என்று குறுஞ்செய்தி வந்தது. அது அவள் ஊருக்குப் பாதி தூரம்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

தேர்வு முடிந்த மாலையில் முடிவுத் தாளை நிரப்புவது என் வேலை. பதினொரு பேரும் தேறினார்கள். பன்னிரண்டாவது பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினேன். வராதவர்களுக்குக் காரணம் எழுதாமல் பரிசோதகர் தாளை வாங்கமாட்டார். 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். மேட்ரன் அதைப் படித்தார், என்னைப் பார்க்கவில்லை, முத்திரையைக் குத்தினார்.